வீடு வாங்குவோர் கவனத்துக்கு: மூலப்பத்திரத்தின் நான்கெல்லையை ஒப்பிட்டுப் பாருங்கள்

பழைய வீடு ஒன்றை மனையோடு சேர்த்துக் கிரையம் வாங்கினோம். பதிவு முடிந்த பிறகுதான், தெற்குச் சுவர் பொதுப்பாதையின் மேல் நிற்கிறது என்பதும், விற்ற சகோதரர்கள் தங்கள் அக்காவுக்குச் சேர வேண்டிய பங்கையும் சேர்த்து எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பதும் தெரியவந்தன. இரண்டையும் அவர்கள் அறிந்தே மறைத்தார்கள் என்று சொல்வதற்கு, அவர்கள் கையெழுத்திட்ட ஆவணங்களே ஆதாரமாக இருக்கின்றன.

எங்கள் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிழமேலடி (கிழக்கு மேற்காக) 30, தென்வடலடி (தெற்கு வடக்காக) 60, ஆக 1,800 சதுர அடி என்று கண்டிருக்கிறது. பதிவுக்கு முன் எங்களிடம் தரப்பட்ட மூலப்பத்திர (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்) நகலில் சொத்து விவரப் பக்கம் மட்டும் படிக்க முடியாதபடி மங்கியிருந்தது. அசல் லாக்கரில் இருப்பதாகவும் பதிவன்று ஒப்படைப்பதாகவும் சொன்னார்கள். தரகர் அழைத்துவந்த வழக்கறிஞர் அந்த நகலை வைத்தே, உரிமையில் குறையில்லை என்று கருத்துரை எழுதிக் கொடுத்துக் கட்டணமும் பெற்றுக்கொண்டார். அசல் கைக்கு வந்தபோது, அதில் தெற்கெல்லை ‘பொது நடைபாதைக்கு வடக்கு’ என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எங்கள் பத்திரத்தில் அதே எல்லை ‘காலியிடத்துக்கு வடக்கு’ என்று இருக்கிறது. மற்ற மூன்று எல்லைகளும் சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்க, இந்த ஒன்று மட்டும் மாறியிருப்பதையும், அதோடு தென்வடல் நீளம் ஐம்பத்தாறரை அடியிலிருந்து 60 அடியாக நீண்டிருப்பதையும் எழுத்துப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

நில அளவர் புலப்படத்தோடு (நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடம்) வந்து அளந்தபோது தென்வடல் 17.2 மீட்டரில், அதாவது ஏறக்குறைய ஐம்பத்தாறரை அடியில், முடிந்தது. அந்த இடம் சுற்றுச்சுவருக்கு உள்ளே, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே போட்டிருந்த சிமென்ட் தளத்தைக் கொத்திப் பார்த்தால், பழைய சர்வே கல் அசையாமல் அங்கேயே நின்றது. கல்லுக்குத் தெற்கே உள்ள மூன்றரை அடியில்தான் கழிவறை கட்டப்பட்டிருக்கிறது. பொதுப்பாதையைக் கிரையம் கொடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பதால், அந்தப் பகுதியை இடிக்கச் சொன்னால் நாங்கள் இடித்தே ஆக வேண்டும். பத்திரத்தில் 1,800 சதுர அடி என்று இருக்கிறதே என்று வாதிடவும் வழியில்லை; எல்லையும் பரப்பும் முரண்படும்போது நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே முதன்மையாகக் கொள்கின்றன.

அடுத்தது வாரிசுரிமை. இது விற்ற சகோதரர்களின் தந்தை தாமே சம்பாதித்த சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்தார், தாயும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்படிப்பட்ட சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. எங்களுக்குக் காட்டப்பட்ட வாரிசுச் சான்றிதழில் மகள் பெயரே இல்லை. பதிவுக்குப் பின் அவரிடமிருந்து பாகப்பிரிவினை கோரி வழக்கறிஞர் அறிவிப்பு வந்தபோதுதான், அப்படி ஒருவர் இருப்பதே எங்களுக்குத் தெரியும். அவர் மீது எனக்குச் சிறிதும் கோபமில்லை. தம்பிமார் அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். அவர் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காத வரையில், சகோதரர்கள் இருவரின் மூன்றில் இரண்டு பங்குதான் எங்களுக்கு வந்திருக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்திருந்தோம். அதில் ஒரு குறையும் இல்லை. பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள் மட்டுமே அதில் வரும் என்பதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள். ஒருவர் இறந்ததும் வாரிசுகளுக்கு உரிமை தானாகச் சேர்கிறது. அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை. உயிலையும் கட்டாயமாகப் பதிய வேண்டியதில்லை. பட்டா விற்பவர் பெயரில் இருப்பதும் போதாது, ஏனெனில் பட்டா வருவாய்த் துறையின் பதிவே தவிர, அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது.

ஆகவே, விற்பவர் தரும் நகலை நம்பாமல், மூலப்பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்திலிருந்து நீங்களே பெற்று, ஒவ்வொரு பத்திரத்திலும் நான்கெல்லை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வரிசையாக ஒப்பிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே புலப்படத்தின்படி அளந்து கல்லைக் காட்டச் சொல்லுங்கள். “சுவர்தான் இருக்கிறதே, எதற்கு அளக்க வேண்டும்” என்று எங்களிடம் சொன்னதையே உங்களிடமும் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இறந்தவரின் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சான்றிதழில் இல்லாத பெயரைத் தெருவில் உள்ள பெரியவர்கள் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். வழக்கறிஞர் தரகர் காட்டும் ஆளாக இருக்கக் கூடாது.

தமக்குத் தெரிந்த உரிமைக் குறையை வாங்குபவரிடம் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. அதன் அடிப்படையில் இழப்பீடு கேட்டிருக்கிறோம். இதற்கிடையில், அதே தந்தை விட்டுச்சென்ற பக்கத்து மனையையும் அந்தச் சகோதரர்கள் விலை பேசி வருகிறார்கள். சகோதரி தொடுத்துள்ள பாகப்பிரிவினை வழக்கில் அந்த மனையும் சேர்ந்திருக்கிறது. வழக்கு நடக்கும்போது அதை வாங்குபவரை, அதே சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தீர்ப்பு கட்டுப்படுத்தும். அங்கே முன்பணம் கொடுக்க நினைப்பவர்கள் நீதிமன்றத்தில் வழக்கின் நிலையைக் கேட்டறிந்த பிறகு முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.