சூப்பர்சார்ஜர் கேட்டுப் போனேன், கிராங்க் போல்ட்டைக் காட்டினார்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை போகும் வழியில், மாட்டுத்தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பெயர் போட்டு எழுதலாமா என்று கேட்டேன். "இருக்கிற வண்டிக்கே நிழல் பத்தலீங்க. எழுதுறதுன்னா பேரில்லாம எழுதுங்க" என்றுவிட்டார். அதனால் ஆசான் என்றே எழுதுகிறேன். பட்டறைப் பையன்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் ஓடும் அந்த ஊரில், அந்தச் சொல் இரண்டு பக்கமும் செல்லும்.

நான் கொண்டுபோனது 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. துணிக்கூரை, இரண்டே சீட், சுவிட்ச் போட்டால் எழுந்து நிற்கும் ஹெட்லைட். சிங்கப்பூரில் இருந்த தாய்மாமா ஊர் திரும்பியபோது கூடவே கப்பலில் வந்தது. அவர் காலமான பிறகு என் கொப்பரைக் குடோனில் நின்றது. 1,597 சிசி எஞ்சின், புதிதாக இருந்தபோது சுமார் 115 குதிரை. முப்பத்தைந்து வருடத்தில் அதில் எத்தனை குதிரை செத்துப்போனது என்று தெரியாமலே, அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஊதுகுழல்) மாட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு.

ஆசை முற்றி, இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லி, பழைய மினி கூப்பர் எஸ் காரிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் ஒன்றை வரவழைத்தும்விட்டேன். வரியும் கூலியும் சேர்த்து 41,000 ரூபாய். முதலில் சாமான் வாங்கிவிட்டு அப்புறம் யோசிக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. மாமா அந்தக் காரை வாங்கியதும் அப்படித்தான்.

ஆசான் மாட்டித் தர ஒப்புக்கொள்ளவில்லை. "பார்த்துச் சொல்றதுக்கு ஏழாயிரத்து ஐநூறு. மாட்டுறது அப்புறம்" என்றார். இந்த விமர்சனம் அந்த ஏழாயிரத்து ஐநூறைப் பற்றியது.

அவர் கேட்ட முதல் கேள்வி எஞ்சினைப் பற்றியது அல்ல. "எங்கே ஓட்டப் போறீங்க?" பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை ரோடு, அப்படியே மீனாட்சிபுரம், சும்மா ஒரு சுற்று என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இவ்வளவையும் பிரிவு எண்ணோடு சொன்னார். இந்தப் பக்கம் மாற்று வண்டிகளைப் பிடிப்பதில் அதிகாரிகள் எவ்வளவு குறி என்பது எல்லையில் இருக்கிற நமக்குத் தெரியாததா? கடைசியில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும் ஓட்டுவேன், லாரியில் ஏற்றிக்கொண்டு போவேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பானெட்டைத் திறந்தார்.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மறக்காது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே தலையை விட்டு, கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) புல்லியைப் பார்த்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." புல்லியில் தெரியும் பிளவுகள். எட்டு இருந்தால் பிரச்சினை இல்லையாம். நாலு என்றால் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டையான பழைய கிராங்க். 1991-இன் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளில் அதுதான். அந்தக் குட்டை மூக்கில், டைமிங் பெல்ட் (வால்வுகளைக் கிராங்க்கோடு சேர்த்து ஓட்டும் பெல்ட்) மாற்றும்போது முன் போல்ட்டைச் சரியாக முறுக்காவிட்டால் புல்லி மெல்ல ஆட ஆரம்பிக்கும். ஆட ஆட, புல்லி நழுவாமல் பிடிக்கும் சாவி உட்காரும் காடி தேயும். தேய்ந்தால் டைமிங் தள்ளிப்போகும், பிறகு கிராங்க்கே குப்பை. சாதாரணமாக ஓட்டும் வண்டிக்கே இது கண்டம். நான் மாட்ட நினைத்த சூப்பர்சார்ஜரைச் சுற்றப்போகும் பெல்ட் தொங்குவது அதே புல்லியில்.

"பெல்ட்டு இழுக்கிற இழுப்பு எல்லாம் இந்த மூக்குலதான் நிக்கும். மூக்கு சரியில்லாதவனுக்கு மூக்குத்தி எதுக்குங்க?" என்றார்.

போல்ட்டைக் கழற்றினார். நீளமான கம்பி போட்டு ஏறி நிற்க வேண்டியது, கை ஸ்பானருக்கே வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் டைமிங் பெல்ட் மாற்றியது வேறொரு ஊரில், பெரிய கண்ணாடி போட்ட கடை. பில்லில் ‘டார்க் செக்’ (போல்ட் இறுக்கம் பார்த்தது) என்று தனிக் கூலி வேறு போட்டிருந்தார்கள். நல்லவேளை, காடி இன்னும் தேயவில்லை. புதுச் சாவி, புது போல்ட் போட்டு, டார்க் ரெஞ்சை என் கையில் கொடுத்து முறுக்கச் சொன்னார். இந்த ஒரு வேலைக்கே நான் கொடுத்த காசு செல்லும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (எஞ்சின் காற்றை அழுத்தும் அளவு) பார்த்ததில் 182, 180, 179, 164 பிஎஸ்ஐ வந்தது. நான்காவது சிலிண்டர் மட்டும் சோர்வு. அதற்கு ஆசான் சொன்ன காரணம் எனக்குப் புதிது. இந்த எஞ்சின் குடும்பமே முன்சக்கர வண்டியில் குறுக்காக உட்காரப் பிறந்தது. அதை எடுத்து நீளவாக்கில் இந்த வண்டியில் வைத்தபோது, பின்னால் வெளியேறிய தண்ணீர் முன்பக்கமே வெளியேறும்படி மாற்றிவிட்டார்கள். பம்பும் முன்னால், தெர்மோஸ்டாட்டும் முன்னால். கடைசிச் சிலிண்டர் வரை தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேராமல் அது மட்டும் கூடுதலாகக் காயும். காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஆரம்பித்தால் முதலில் அடிவாங்குவதும் அதுதான். தண்ணீர் வழியைப் பின்பக்கம் திருப்பிவிடும் ‘ரீரூட்’ வேலையைப் பட்டியலில் இரண்டாவதாக எழுதினார். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாகிவிட்டிருந்தது. அது எந்த நாளும் வெடிக்கலாம் என்பதற்கு அடையாளம். நான் அதை அழுக்கு என்று நினைத்துப் போன மாதம்தான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன்.

இக்னிஷன் டைமிங்கில், அதாவது ஸ்பார்க் எப்போது அடிக்கிறது என்பதில், மாட்டிக்கொண்டது நானே. கம்பெனி கணக்கு 10 டிகிரி. என் வண்டி 14-இல் நின்றது. யாரோ சொன்னார்கள் என்று பத்து வருடத்துக்கு முன் நானே சென்சாரைத் திருகி வைத்தது. ‘இழுப்பு’ கூடியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். இந்த 1.6 எஞ்சினில் நாக்கிங்கை (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை) கேட்டுத் தானாக டைமிங்கைக் குறைக்கும் சென்சார் கிடையாது. காது மட்டும்தான். சூப்பர்சார்ஜர் இரைச்சலில் காதும் கேட்காது.

எம்45-ஐச் சாக்கிலிருந்து பிரித்து வைத்தேன். முன்தண்டைக் கையால் இப்படியும் அப்படியும் ஆட்டினார்; உள்ளே லேசாகக் கடகடவென்றது. மூக்குக்குள் இருக்கும் கப்ளர் தேய்ந்த சத்தம், மாற்றிவிடலாம் என்றார். பின்பக்கத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, இங்கே ஆயில் வற்றியிருக்கிறது என்றார். மினியில் தண்ணீர் பம்ப் சுற்றுவது இந்தச் சூப்பர்சார்ஜரின் பின்பல்லிலிருந்துதானாம். நமக்கு அந்த வேலை இல்லை என்பதால் அதை மூட லேத்தில் ஒரு தட்டு கடைய வேண்டும். ஆயில் மாற்றவே தேவையில்லை என்று கம்பெனி சொன்ன சாமான்தான், ஆனால் இருபது வருடம் என்றால் எந்த எண்ணெயும் எண்ணெயாக இருக்காது.

அளவு சரிதானா என்பதற்கு அவர் போட்ட கணக்கைச் சுவரில் கரியால் எழுதிக் காட்டினார். எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் காற்றைக் குடிக்கும். எம்45 ஒரு சுற்றுக்கு 0.74 லிட்டர் தள்ளும். ஒன்றுக்கு ஒன்று என்று சுற்றினால் அழுத்தமே வராது, மூச்சுத்தான் முட்டும். ஒன்றரைக்கு ஒன்று என்று புல்லி போட்டால் 1.1 லிட்டர். கசிவெல்லாம் போக ஐந்து, ஆறு பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம். கம்ப்ரஷன் விகிதமே 9.4-க்கு 1 இருக்கிற எஞ்சின், அதோடு எம்45 போன்ற ரூட்ஸ் வகை ஊதுகுழல் காற்றை நன்றாகச் சூடாக்கியே தள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நின்றுபோன பங்குனி வெயிலில், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்றார். எல்லாம் சரியாக வந்தால் 150 குதிரையை எட்டிப் பார்க்கலாம்.

90-களில் இந்த வண்டிக்கு வந்த கிட்களில், அழுத்தம் ஏறும்போது பெட்ரோல் பிரஷரை மட்டும் ஏற்றிச் சமாளிப்பார்கள். மலிவு. நான் அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஆசான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், எத்தனாலுக்கு 9 பங்குதான். அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். பெட்ரோலைத் தெளிக்கும் பழைய இன்ஜெக்டர் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. ஆகவே பெரிய இன்ஜெக்டர், மடக்குக் கதவால் காற்றை அளக்கும் பழைய மீட்டரைத் தூக்கிவிட்டுத் தனி ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி), புகையில் மீந்த ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார். முதலில் சூப்பர்சார்ஜர் இல்லாமலே அந்த ஈசியூவில் இரண்டு மாதம் ஓட்டிப் பழக வேண்டும் என்பதும் அவர் நிபந்தனை. பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாம் மாமா காலத்து ரப்பர். அவை எத்தனாலுக்குத் தாங்காது, மொத்தமும் புதிது.

கிளட்ச், பிரேக், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் பற்றி ஒரு வரிதான்: 1.6-இல் வரும் சின்ன டிஃபரன்ஷியல் தாங்கும், கிளட்சைப் படீரென்று விட்டுக் கிளம்பாதவரை.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஏசியைக் கழற்றினால் பெல்ட்டுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும் என்றார். கூரை திறந்த காருக்கு ஏசி எதற்கு என்று பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சூப்பர்சார்ஜர் இல்லாத நாளில் அதே வண்டியில்தான் என் வீட்டுக்காரம்மா பழனிக்கு வருவார்.

கடைசியில் தீவனக் கடைப் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு பட்டியல். ‘இது இல்லாம ஆகாது’ என்பதில் 1,12,000 ரூபாய். ‘அப்புறம்’ என்பதில் 1,85,000. நான் பெருமையாகச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோன சாமான் இரண்டாவது பட்டியலில், கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் என்றது பத்தொன்பது நாள் ஆனது. போனை எடுக்கவே மாட்டார். மூன்று தடவை பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒரு தடவை பானெட் மேல் யாரோ கட்டஞ்சாயா டம்ளரை வைத்திருந்தார்கள், வட்டம் இன்னும் இருக்கிறது. ஜிஎஸ்டி பில் கிடையாது. குதிரைத்திறன் அளக்கும் டைனோ இல்லை, அதற்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும், அந்தச் செலவு பட்டியலில் வராது. கையெழுத்து படிக்க முடியாது. ‘ரீரூட்’ என்பதை வீட்டில் ‘ரூ. ரூட்’ என்று படித்து அரை மணி நேரம் குழம்பினோம்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போங்கள். வெயில் ஏறிவிட்டால் அவர் இரும்பைத் தொடமாட்டார். பழைய பில், எப்போது எந்தப் பெல்ட் மாற்றியது என்ற விவரம், ஆர்.சி. எல்லாம் கையில் இருக்கட்டும். எஞ்சினை நீங்களே திருகியிருந்தால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

எம்45 இப்போது மறுபடியும் சாக்கில், கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே. கார்த்திகைக்குள் ரேடியேட்டர் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். போன் எடுத்தால் கேட்டுச் சொல்கிறேன்.