வல்லாரை என்று விற்றார்கள், வளர்ந்தது வேறு

மாடித்தோட்டத்துக்கு வல்லாரை வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

போன ஆடியில் ஒரு நர்சரியில் 3 தொட்டி வல்லாரை வாங்கினேன். தொட்டி 80 ரூபாய். இலையெல்லாம் பளபளவென்று, காசு மாதிரி வட்டம். "ஏங்க இவ்வளவு வட்டமா இருக்கு?" என்று கேட்டேன். "ஹைபிரிட் வல்லாரைங்க, இலை பெருசா வரும்" என்றார் விற்றவர். ஹைபிரிட் என்று சொன்னால் மேற்கொண்டு கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காடாக மண்டியது. இரண்டு முறை துவையலும் அரைத்தோம். புளியும் மிளகாயும்தான் தெரிந்தன, வல்லாரையின் கசப்பைக் காணோம். அப்புறம் ஊரிலிருந்து வந்த அத்தை ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிப் பார்த்தார். "இது வல்லாரையே இல்லடி. காம்பு குடைக்கம்பி மாதிரி நடுவுல நிக்குது பாரு!"

உண்மைதான். வல்லாரை இலை சிறுநீரக வடிவம். அடியில் பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவில் வந்து சேரும். என் தொட்டியில் இருந்தது ஹைட்ரோகாட்டைல், குளத்தொட்டியில் அழகுக்கு வைக்கிற செடி. ஐவி, ஜின்செங் எல்லாம் சேர்ந்த அராலியேசி குடும்பம் அது. வல்லாரையோ கொத்தமல்லி, கேரட் குடும்பம். பழைய நூல்களில் இரண்டும் ஒரே குடும்பமாகத்தான் இருந்தன, மரபணு ஆய்வுகள் வந்த பிறகுதான் பிரித்தார்கள். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸே 1753இல் வல்லாரைக்கு 'ஹைட்ரோகாட்டைல் ஏசியாட்டிகா' என்றுதான் பெயர் வைத்தார். ஆனால் அவர் அதைத் துவையலுக்கென்று யாருக்கும் விற்கவில்லை.

காம்பை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். புல்தரையில் படரும் குட்டி இலை ஹைட்ரோகாட்டைலுக்கும் பிளவு உண்டு. பூத்திருந்தால் அதையும் பாருங்கள். வல்லாரைப் பூ இலைகளுக்குக் கீழே, தரையை ஒட்டி, இளஞ்சிவப்பாக ஒளிந்திருக்கும். என் செடியில் நீளக் காம்பின் உச்சியில் வெள்ளைப் பூக்கள் குடைபோல விரிந்தன.

ஒரு இலையோடு நர்சரிக்குப் போனேன். "எல்லாம் ஒரே வகைதாங்க, சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. அழகுச் செடிக்கு என்ன மருந்து அடித்திருப்பார்களோ என்று நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பணமும் திரும்பவில்லை.

ஹைட்ரோகாட்டைல் வகைகளில் ஒன்று நீர்நிலைகளை அடைத்துக்கொள்வதால் இங்கிலாந்தில் 2014 முதல் அதை விற்கவே தடை. என் வீட்டுச் செடி அதன் பங்காளிதான்போல. தொட்டியைக் கவிழ்த்து மாதம் இரண்டாகிறது, புதினாத் தொட்டியில் ஒரு கணு எப்படியோ தங்கிவிட்டது. நேற்றும் நாலு குடை பிடுங்கினேன்.