பறக்கும்போதே பேட்டரி வோல்டேஜ்: பஸ்ஸரா, டெலிமெட்ரியா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆர்சி விமானம், அதாவது கையிலுள்ள ரேடியோவால் இயக்கும் சிறு விமானம் ஓட்டுபவர்களுக்குக் காலைப்பொழுதுதான் நல்ல நேரம். முற்பகல் தாண்டினால் கடல்காற்று ஏறிவிடும். டைமரை மட்டும் நம்புகிறவருக்குக் கணக்கு தப்புவது அப்போதுதான். 3எஸ், அதாவது மூன்று செல் கொண்ட 2200 எம்ஏஎச் பேட்டரியில் 80 சதவீதம், அதாவது 1760 எம்ஏஎச் எடுப்பது வழக்கம். மோட்டார் சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் 8 நிமிடம் 48 வினாடி கிடைக்கும். எதிர்காற்றில் அது 16 ஆம்பியர் ஆனால் 6 நிமிடம் 36 வினாடிதான். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் லோ வோல்டேஜ் கட்-ஆஃபும் உதவாது. அது விழித்துக்கொள்ளும் நேரத்தில் விமானம் வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

ஆகவே வோல்டேஜ் நிலவரம் கீழே நிற்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். விமானத்திலேயே அலறும் பஸ்ஸர் ஒரு வழி, அளவைக் கையிலுள்ள ரேடியோவுக்கு அனுப்பும் டெலிமெட்ரி இன்னொரு வழி. எந்த வழியை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வோல்டேஜைப் படிக்கிறது என்பதை. ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் 5 வோல்ட் பிஇசி வோல்டேஜா, பேட்டரியின் மொத்தமா, ஒவ்வொரு செல்லுமா? மொத்தம் 10.9 வோல்ட் என்றால் பரவாயில்லை என்று தோன்றும். உள்ளே 3.75, 3.75, 3.40 என்று இருந்தால் மூன்றாவது செல் சாகப்போகிறது.

விலை குறைந்தது, பேட்டரியின் ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒயர் வரும் சிறிய பேலன்ஸ் கனெக்டரில் செருகும் பஸ்ஸர். செல் செல்லாகப் படிக்கும், எந்த ரேடியோவோடும் சேரும். குறை சத்தத்தில்தான். ஃபோம் உடலுக்குள் வைத்தால் பாதிச் சத்தம் அமுங்கிவிடும், மீதியைக் காற்றும் மோட்டாரும் விழுங்கிவிடும். கேட்பதற்காக த்ராட்டிலைக் குறைத்தால், சுமை இறங்கியதும் வோல்டேஜ் மேலேறி அலாரமே நின்றுவிடும். இதனால் அலாரம் அடிக்கவே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வைப்பதானால் விமானத்தின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள், அலாரத்தை ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட் என்று வையுங்கள். இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். இரவெல்லாம் செருகியே விட்டால் பேட்டரியை உறிஞ்சிக் கெடுத்துவிடும். டெலிமெட்ரி இருந்தாலும் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்பக் கூடாது.

ஃப்ளைஸ்கை நிறுவனத்தின் ஐ6 அல்லது ஐ6எக்ஸ் ரேடியோ வைத்திருப்பவர்கள் ரேடியோவை மாற்ற வேண்டியதில்லை. ஐஏ6பி ரிசீவரும் சிவிடி01 சென்சாரும் போதும். சென்சாரின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் பேட்டரிக்கு, மூன்று ஒயர் கனெக்டர் ரிசீவரின் ஐபஸ் சென்சார் போர்ட்டுக்கு. பக்கத்திலேயே ஐபஸ் சர்வோ போர்ட் இருக்கிறது, மாற்றிச் செருகினால் திரையில் ஒன்றும் வராது. ரேடியோவில் ரிசீவர் மெனுவுக்குள் பேட்டரி பகுதியில் வெளிச் சென்சாரைத் தேர்ந்தெடுத்து அலாரம் அளவைக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அலாரம் 5 வோல்ட் பிஇசியையே பார்த்துக்கொண்டிருக்கும், பேட்டரி காலியானாலும் வாய் திறக்காது. 3எஸ் பேட்டரிக்கு 10.5 வோல்ட் சரி. இதில் தெரிவது மொத்த வோல்டேஜ் மட்டும், அறிவிப்பு வெறும் பீப். புது பேட்டரிக்கு இது போதும். வயதான பேட்டரிக்குப் போதாது.

இன்னொரு ரேடியோ நிறுவனமான ஃப்ரீஸ்கையின் பலம் எஃப்எல்விஎஸ்எஸ் சென்சார். பேலன்ஸ் கனெக்டரில் செருகி ரிசீவரின் எஸ்.போர்ட்டில் இணைத்தால் 2எஸ் முதல் 6எஸ் வரை ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் கைக்கு வரும். பழைய பேட்டரிகளை வைத்து ஓட்டுபவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பதே எங்கள் முடிவு. எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் உள்ள ரேடியோவில் அமைக்கும் முறை: பேட்டரியை இணைத்து, டெலிமெட்ரி பக்கத்தில் புதிய சென்சார்களைத் தேடவிடுங்கள். செல்ஸ் என்று ஒன்று வரும். அதிலிருந்து ‘செல்’ ஃபார்முலாவில் ஒரு கணக்கீட்டுச் சென்சார் உருவாக்கி, ‘லோயஸ்ட்’ தேர்ந்தெடுங்கள். லாஜிக்கல் சுவிட்சில் அந்த மதிப்பு 3.5க்குக் கீழே என்று வைத்து, டிலே 2 வினாடி கொடுங்கள். டிலே இல்லாவிட்டால் த்ராட்டிலை ஒருமுறை முழுக்கத் திறந்தாலே அலறும். ஸ்பெஷல் ஃபங்ஷனில் அந்தச் சுவிட்சுக்கு ஒலிக்கோப்பும் அதிர்வும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கோப்பு 16 பிட், மோனோ, 32 கிலோஹெர்ட்ஸ் வேவ் வடிவில் இருக்கட்டும், பெயர் ஆறு ஆங்கில எழுத்துக்குள் அடங்கட்டும். ‘பேட்டரி குறைவு, இறக்கு’ என்று தமிழிலேயே பதிந்து வைத்தால் பதற்றத்திலும் காதில் ஏறும்.

புதிதாக வாங்குபவர்கள் இப்போது இஎல்ஆர்எஸ் (எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்) என்ற திறந்த மூல ரேடியோ இணைப்பின் பக்கம் போவதே நியாயம். பேட்டரி வோல்டேஜுக்கென்று தனி இணைப்பு உள்ள, சர்வோக்களை நேரடியாகச் செருகும் பிடபிள்யூஎம் ரிசீவராகப் பார்த்து எடுங்கள், தனிச் சென்சாரின் எடையும் செலவும் மிச்சம். அந்த ஒயரை இணைக்க மறந்தால் பல ரிசீவர்களில் ஆர்எக்ஸ்பிடி என்ற பெயரில் 5.0 என்று பிஇசியே தெரியும். எண் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். இங்கும் கிடைப்பது மொத்தம்தான். விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே ‘டெலிமெட்ரி லாஸ்ட்’ என்று ரேடியோ சொல்லக்கூடும். ரிசீவர் திருப்பி அனுப்பும் சக்தி குறைவு என்பதே பெரும்பாலும் காரணம். அந்த வினாடிகளில் வோல்டேஜ் அலாரமும் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் எடுத்தால் அலைவரிசைச் சிக்கல் இல்லை. 900 மெகாஹெர்ட்ஸ் வகை வேண்டுமானால் இந்தியாவுக்கான 866 அமைப்பில் வையுங்கள். 915 இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசை அல்ல.

ஆர்டுயினோவும் 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலும் வைத்துத் தானே செய்வது படிப்புக்கு நல்லது. 30கே, 10கே ரெசிஸ்டர்கள் வோல்டேஜை நாலில் ஒன்றாக்கும், ஒரு சதவீத வகையே வேண்டும். 5 சதவீத வகையில் 11 வோல்ட் 10.2 என்றுகூடக் காட்டலாம். ஆனால் தரையில் இன்னொரு திரையைப் பார்க்கக் கண்ணை விமானத்திலிருந்து எடுக்க வேண்டும். பறத்தலுக்கு இது வேண்டாம்.

எதை வைத்தாலும் மல்டிமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சென்சார் அமைப்பில் திருத்திக்கொள்ளுங்கள். நம் கடற்கரைப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்றில் பேலன்ஸ் கனெக்டரின் பின்கள் கறுத்துப் பச்சை பூத்துவிடும். ஒரு செல் திடீரென்று பூஜ்யம் காட்டி, பக்கத்துச் செல் தாறுமாறாக ஏறினால் பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் பின்களைத் துடைத்துக் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்படியும் எண் குதித்தால் கனெக்டரை மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒரு ஒயர் மட்டும் வெட்டி.