திங்க்பேட் டி480: ஒரு முதுதத்துவமாணிப் படிப்பும் ஐந்து ஆண்டுப் பயன்பாடும்

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் ஆசிரியையாக இருக்கும் தங்கச்சி ஒருத்தி, முதுதத்துவமாணிப் (எம்.பில்) படிப்புக்குப் பதிந்த கையோடு, "அக்கா, நீங்க வச்சிருக்கிற அந்தக் கறுப்பு லெப்டொப்பையே நானும் பழசா ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அதன் இரண்டு மின்கலங்களையும் சென்ற வாரந்தான் மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். மாற்றிய செலவின் எரிச்சலும் மாற்றிய பிறகு வந்த நிம்மதியும் ஒன்றாக இருந்த வேளை என்பதால், அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

திரை, செயலி, நினைவகம் பற்றிய விவரங்களை எங்கும் படித்துக்கொள்ளலாம். 2020 இறுதியில், யாரோ ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்த இயந்திரமாக இந்த லெனோவோ திங்க்பேட் டி480ஐ வாங்கினேன். ஆய்வேடு முழுவதையும் இதிலேயே எழுதி முடித்தேன். அந்த ஐந்து ஆண்டுகளில் எனக்குக் கைகொடுத்ததும் என்னைக் கலங்க வைத்ததும் ஒரே பொருள்தான், அதன் மின்கலம்.

இந்த மாதிரியில் மின்கலம் இரண்டு. உள்ளே 24 வாட்மணி (மின்கலம் தேக்கும் ஆற்றலின் அளவு) கொண்ட சிறிய ஒன்று நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பின்புறத்தில் கழற்றி மாட்டக்கூடிய மற்றொன்று இருக்கும். அது 24, 48, 72 வாட்மணி என மூன்று அளவுகளில் கிடைத்தது. இயந்திரம் முதலில் பின்புற மின்கலத்தையே செலவழிக்கும். அது தீர்ந்ததும் உள்மின்கலத்துக்கு மாறும். ஆகவே உள்ளே இருப்பதில் மின்னேற்றம் இருக்கும் வரை, கணினியை அணைக்காமலே, திறந்திருக்கும் கோப்பை மூடாமலே, பின்புற மின்கலத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். வாங்கும்போது இதன் அருமை எனக்குத் தெரியாது.

தெரிய வைத்தது 2022. அந்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதிக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்வெட்டு அட்டவணையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆங்கில எழுத்து இருந்தது; எங்களுடையது எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அன்றைய எழுத்து வேலையைத் திட்டமிட்டேன். பெரிய மின்கலம் ஒன்றும் சிறியது ஒன்றும் கைவசம் இருந்தன. முதன்முதலாகக் கழற்றி மாட்டிய இரவில், அம்மா கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணினியை மடியில் சரித்து, அடிப்பக்கத்தில் இருக்கும் இரண்டு தாழ்களில் ஒன்றைத் தள்ளித் திறந்து, விட்டால் திரும்பி வந்துவிடும் மற்றதை விரலால் அழுத்திப் பிடித்தபடி மின்கலத்தை வெளியே இழுத்தேன். "பொட்டி செத்துப் போயிருமே புள்ள" என்று அம்மா பதறினார். திரை அணையவில்லை. நான் பாதியில் விட்டிருந்த வாக்கியத்தின் முடிவில் சுட்டி மின்னிக்கொண்டே இருந்தது. அம்மா சிரித்துவிட்டார், அந்த மாதம் எங்கள் காம்பராவில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மின்வெட்டு ஓய்ந்த பிறகு இதன் தேவையும் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன், ஓயவில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் அட்டன் பக்கத்தில் பிற்பகலானால் இடி இடிக்கும். முதல் முழக்கம் கேட்டதும் சுவரிலிருந்து எல்லா இணைப்பையும் பிடுங்கிவிடுவது தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிறுவயதுப் பழக்கம். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், எப்போது சரியாகும் என்று சொல்ல ஆளில்லை. வீட்டில் இருக்கும் ஒரே பிளக்கில் காலையில் கேத்தலும் மாலையில் இஸ்திரிக்கைப்பெட்டியும் முறை வைத்துக்கொள்ளும். இவற்றுக்கு நடுவில் ஆய்வேடு எழுதுகிறவளுக்கு, வேகமான செயலியை விட, அறுந்துபோகாத இரண்டு மணி நேரமே பெரிது.

இதிலிருந்து நான் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டேன். பட்டமேற்படிப்புக்குப் போகிற எவருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். பாடசாலை விட்டு வந்து, மின்னிணைப்பு இருந்தாலும் அதைச் செருகாமல், சிறிய மின்கலத்தை மட்டும் பின்னால் மாட்டி எழுத உட்காருவேன். அது தீரும் வரை எழுத்து மட்டுமே. இணையமும் இல்லை, வாசிப்பும் இல்லை. தீர்ந்ததும் நிறுத்திவிடுவேன், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவேன். "இன்று எவ்வளவு எழுதினாய்?" என்று என்னையே கேட்டு வருந்திய முதலாண்டில் ஒரு அத்தியாயம்கூட முடியவில்லை. ஒரு நாளுக்கு ஒரு மின்கலம் என்று வைத்துக்கொண்ட பிறகு, தோட்டத்துத் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவங்களைப் பற்றிய நீண்ட அத்தியாயம் நான்கு மாதத்தில் முடிந்தது. எழுத்து வராத நாளிலும் மின்கலம் தீரத்தான் செய்யும். உட்கார்ந்திருந்தேன் என்ற கணக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

இனிக் கோபத்துக்குரிய பகுதி. 2023இல் பெரிய மின்கலம் தளர்ந்துவிட்டது. விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, 72 வாட்மணியாக இருக்க வேண்டியது 31ஆகக் குறைந்திருந்தது. நகரத்துக் கடையொன்றில் புதியது கேட்டேன். "ஒரிஜினல்தான் மிஸ், பெட்டியோட வந்தது" என்று கடைக்காரர் கொடுத்தார். ஆறு வாரம் நன்றாக வேலை செய்தது. பிறகு ஓரிரவு, திரையில் 38 வீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே அடங்கிப்போனது. அந்தப் பாரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய உள்மின்கலமும் அதற்குள் முதுமையடைந்திருந்ததால், அடுத்த நொடி திரை இருண்டது.

இழந்தது ஒன்பது நிமிட எழுத்து. வேர்ட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிப்பதால் மற்றவை தப்பின. கேட்பவர்களுக்கு ஒன்பது நிமிடம் சிறிதாகத் தெரியும். ஆனால் அந்த ஒன்பது நிமிடத்தில்தான், விடியற்காலையில் பால்மணம் மாறாத பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடிய ஒரு பாட்டி, திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்பதற்காகத் திரும்பியே பார்க்காமல் நடந்ததாகச் சொன்னதை, மூன்று வாரம் தடுமாறிய பிறகு, அவர் சொன்ன எடை குறையாமல் ஒரு பத்தியாக எழுதியிருந்தேன். மறுநாள் மீண்டும் எழுதினேன். தகவல் வந்தது, அந்தப் பத்தி வரவில்லை. ஆய்வேட்டில் இருப்பது இரண்டாவது பத்தி.

கடைக்காரரிடம் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மாற்றித் தரவில்லை. நியாயமாகப் பார்த்தால், அந்தக் காலத்தில் அவருக்கும் நல்ல பொருள் கிடைத்திருக்காது: ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்து சில மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டிய நாடு இது, இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாமல் எல்லோரும் கிடைத்ததை விற்றார்கள். அதெல்லாம் எனக்கு விளங்கும். ஆனாலும் போலி என்று தெரிந்திருந்தால் போலி என்று சொல்லி, அதற்குரிய விலையை வாங்கியிருக்கலாம். நான் வேர்டின் சேமிப்பு இடைவெளியை ஒரு நிமிடமாக மாற்றியிருப்பேன். இப்போது மாற்றிவிட்டேன், நீங்களும் இன்றே மாற்றிவிடுங்கள். அன்றன்றைய கோப்பை உறங்கப் போகுமுன் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். கணினி எப்போதும் மின்னிணைப்பிலேயே இருக்குமானால், மின்னேற்றம் 80 வீதத்தில் நிற்கும்படி வரம்பு வையுங்கள். மின்கலத்தின் ஆயுள் நீளும்.

பழையது வாங்குகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். டி470 பார்ப்பதற்கு இதைப் போலவே இருக்கும். ஆனால் அதன் செயலிகள் பெரும்பாலும் ஏழாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அடுத்து வந்த டி490இல் கழற்றி மாட்டும் மின்கலமே கிடையாது. உள்மின்கலத்தை மாற்றப் பின்மூடியைத் திறக்குமுன், பயோசில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) உள்மின்கலத்தை முடக்கிவிட வேண்டும். அதைச் செய்யாமல் திருகாணியைத் தொடும் பழுதுபார்ப்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், தங்கச்சி, நீ இதை வாங்காதே. இப்போது கைமாறும் எந்த டி480இன் சொந்த மின்கலமும் ஆறேழு ஆண்டுப் பழையது. புதிது மாட்டியிருப்பதாகச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று உன்னால் அறிய முடியாது. நான் சென்ற வாரம் மாட்டியிருப்பவையும் நல்லவைதானா என்று ஆறு மாதம் போனால்தான் எனக்குத் தெரியும். உனக்கு முன்னால் இருக்கும் ஆண்டுகளில் அந்தச் சந்தேகத்தையும் சுமக்க வேண்டாம். கொஞ்சம் கடன்பட்டாலும் உத்தரவாதத்தோடு புதியதொன்றை வாங்கு. அது கைக்கு வரும் வரை என்னுடையதை எடுத்துக்கொண்டு போ. சிறிய மின்கலத்தையும் சேர்த்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால், தாழை எப்படிப் பிடிப்பது என்று அம்மாவே காட்டுவார்.