புது டேப்லெட் நன்றாக இருக்கிறது, அதை மாற்றித் தரும் முறைதான் சரியில்லை

எங்கள் விமான நிறுவனம் விமானிகளிடமிருந்து பழைய டேப்லெட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்து வருகிறது. நான் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் துணை விமானி. வேலை சென்னையில், வீடு கோத்தகிரியில். ஓய்வுக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் கோயம்புத்தூர் வரை இறங்கிப் போய் என்னுடையதை மாற்றிக்கொண்டு வந்தேன். புதியதை வைத்துப் பறக்கவும் தொடங்கியாயிற்று. கருவியையும் அதை மாற்றித் தரும் ஏற்பாட்டையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும். கருவிக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். ஏற்பாட்டுக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அந்த ஒன்றரையும் அங்கே மேசையில் உட்கார்ந்திருந்த தம்பிக்காக.

வெளியே இருப்பவர்களுக்கு இது நிறுவனம் கொடுத்த இன்னொரு மின்னணுச் சாமான் என்று தோன்றலாம். உண்மையில் இது இல்லாமல் நாங்கள் கிளம்ப முடியாது. எந்த விமான நிலையத்தில் எப்படி இறங்குவது, தரையில் எந்தப் பாதையில் திரும்புவது என்கிற சார்ட்டுகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. அன்றைய எடை, காற்று, வெப்பம், ஓடுபாதையின் ஈரம் எல்லாவற்றையும் போட்டு, எந்த வேகத்தில் மேலெழ வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதும் இதில்தான். சார்ட்டுகள் உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில் புதிதாகின்றன. புதிய சார்ட்டுகளைப் பதிவிறக்காத டேப்லெட் காலாவதியான டேப்லெட்.

முன்பெல்லாம் இதே விஷயங்கள் காகிதத்தில், 16 கிலோ வரை கனக்கும் தோல்பையில் இருந்தன. அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 2011-இல் தன் விமானிகளுக்கு 11,000 ஐபேடுகள் கொடுப்பதாக அறிவித்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-இல் எல்லா விமானங்களிலும் காகிதத்தை விட்டது. அதே அமெரிக்கனில் 2015 ஏப்ரல் 28 அன்று, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் சார்ட் ஒன்று செயலிக்குள் இரண்டு முறை வந்து சேர்ந்ததால் விமானிகளின் ஐபேடுகளில் செயலி நின்றுபோனது. பல டஜன் விமானங்கள் தாமதமாயின. சில, நகரத் தொடங்கிய பிறகு திரும்பவும் பயணிகள் ஏறும் வாசலுக்கே வந்து நின்றன. விமானத்தில் ஒரு குறையும் இல்லாமல், மடியில் இருக்கும் ஒரு பலகை வேலை செய்யாததால் இவ்வளவும் நடந்தது.

சரி, கருவிக்கு வருவோம். என்னிடம் இருந்தது 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட், 10.2 அங்குலம். இப்போது வந்திருப்பது 2024-இன் ஐபேட் ஏர், 11 அங்குலம், எம்2 சிப். எடை 498 கிராமிலிருந்து 462 ஆகியிருக்கிறது. எனக்கு எடை பெரிதில்லை. கண்ணாடிதான் பெரிது.

பழையதில் மேல் கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் திரைக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். எதிரொளியைக் குறைக்கும் பூச்சும் கிடையாது. துணை விமானி வலது பக்கம் உட்காருவார், டேப்லெட் வலது ஜன்னல் ஓரத்தில் கவ்வியில் மாட்டியிருக்கும். சாயங்காலம் சென்னையிலிருந்து வடக்கே போகும்போது கேப்டன் பக்கத்து ஜன்னல் வழியாக வருகிற மேற்கு வெயில் நேரே என் திரையில் விழும். சார்ட்டுக்குப் பதிலாக என் வெள்ளைச் சட்டையும் தோள்பட்டைக் கோடுகளும் தெரியும். வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, கையால் நிழல் கட்டிப் படித்திருக்கிறேன். புதியதில் கண்ணாடியும் திரையும் ஒட்டியிருக்கின்றன, பூச்சும் இருக்கிறது. பிரகாசம் இரண்டுக்கும் ஒன்றுதான், 500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு). ஆனால் அதே வெயிலில், அதே கோணத்தில், ஓடுபாதை எண்ணும் இறங்கு உயரமும் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றியது சரி.

அடுத்தது நினைவகம். பழையதில் 3 ஜிபி, புதியதில் 8 ஜிபி. எண்ணாகக் கேட்டால் ஒன்றும் தோன்றாது. மழைக்காலத்தில் கொச்சிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறோம், அங்கே பார்வைத் தூரம் குறைந்துகொண்டே வருகிறது, கோவைக்குத் திருப்புவதா திருவனந்தபுரத்துக்குத் திருப்புவதா என்று பார்க்க வேண்டும் என்று வையுங்கள். வானிலைச் செயலிக்குப் போய்விட்டுச் சார்ட்டுக்குத் திரும்பினால், வயதான கருவியில் சார்ட் செயலி முதலிலிருந்து திறக்கும். சில விநாடிதான். ஆனால் அந்த நேரத்தில் கேப்டன் கேள்வி கேட்டிருப்பார், கண்ட்ரோலர் காத்துக்கொண்டிருப்பார், நான் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தே இருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. கைரேகைப் பொத்தான் முன்பு திரைக்குக் கீழே இருந்தது, இப்போது மேல் விளிம்பில் ஓரமாக இருக்கிறது. நிறுவனம் கொடுத்திருக்கும் கவ்வியின் நகம் சரியாக அங்கே வந்து உட்காருகிறது. நகத்தைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி மாட்டினால் விரல் போகும். ஆனால் ஆட்டம் கொடுக்கும் காற்றில் பிடி தளராமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதைக் கவ்வியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கவ்வியையும் மாற்றியிருக்கலாம். இன்னொன்று வெப்பம். சுற்றுப்புறம் 35 டிகிரி வரைக்கும்தான் என்று தயாரிப்பாளரே வரையறுத்திருக்கிறார், அது புதியதிலும் மாறவில்லை. சித்திரை வெயிலில் திருச்சியில் நிற்கும் விமானத்தின் ஜன்னலில் எந்த டேப்லெட்டை மாட்டினாலும் சூடேறத்தான் செய்யும். பயணிகள் ஏறி முடிக்கும்வரை கழற்றி முன்னால் இருக்கும் மடக்கு மேசையில் வைத்துவிடுவது நல்லது.

ஊரில் பலரும் கேட்பது, அவ்வளவு உயரத்தில் இது வேலை செய்யுமா என்று. பறக்கும்போது விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. நம் சிகரத்தில் நின்று போட்டோ எடுத்த டேப்லெட் அதைவிட மெல்லிய காற்றைப் பார்த்துவிட்டது. திடீரென்று அழுத்தம் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாகச் சோதனை உண்டு, காக்பிட்டுக்கு வரும் மாடல்கள் அதைத் தாண்டித்தான் வருகின்றன.

இனி மாற்றும் ஏற்பாடு. மின்னஞ்சல் வந்தது: குறிப்பிட்ட தேதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும், இடம் சென்னை அல்லது கோயம்புத்தூர் அலுவலகம், வார நாட்களில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, ஓய்வு நாளிலோ டூட்டி முடிந்த பிறகோ வர வேண்டும். டூட்டி நேரத்தில் வராதீர்கள் என்று தனியாக ஒரு வரி. என் ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், அந்த மாதம் முழுக்க விடியற்கால விமானங்களும் இரவு விமானங்களும்தான். சென்னையில் அந்த மேசை திறந்திருக்கும் நேரத்தில் நான் பறந்துகொண்டிருப்பேன் அல்லது தூங்கிக்கொண்டிருப்பேன். மிச்சம் இருந்தது வீட்டுக்கு வந்த ஓய்வு நாட்கள்.

கிளம்பும்போது அப்பா தேயிலை மூட்டைக்குச் சாக்கு எடுத்துக்கொண்டிருந்தார். "லீவுலதானேம்மா வந்திருக்கே, அப்புறம் என்ன ஆபீஸ் வேலை?" என்றார்.

"இது கையில இல்லாம அடுத்த ஃப்ளைட்டுக்குப் போக முடியாதுப்பா."

"அப்ப அது வேலைதானே? சம்பளம் உண்டா?"

இல்லை என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் கார் சாவியை எடுத்துக் கொடுத்தார். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை வரும் என்று தெரியாமலேயே பறித்துக் கொடுத்துப் பழகியவர். கூலியில்லாத வேலை அவருக்கு உடனே புரிந்துவிடும்.

கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூரின் பீளமேடு விமான நிலையம் 70 கிலோமீட்டருக்கு மேல். அதில் மேட்டுப்பாளையம் வரைக்கும் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அரவேணு தாண்டியதும் மூடுபனி. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ நாட்களில் யானைகள் சாலைக்கே வரும். முன்னால் போகிற பஸ் நின்றால் காரணம் கேட்காமல் நாமும் நின்றுவிட வேண்டும். ஓய்வு என்று எழுதப்பட்ட நாளில், முந்தின இரவு தாமதமாக இறங்கி வந்த ஒரு விமானி இந்தப் பாதையில் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. இதை ரோஸ்டர் போடுகிறவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அலுவலகத்தில் ஒரே மேசை, ஒரே ஆள், எனக்கு முன்னால் காத்திருந்தவர்கள் சிலர். அந்தத் தம்பி ஒப்பந்த ஊழியர். வேலையில் குறையே சொல்ல முடியாது. பழைய கருவியின் வரிசை எண்ணைச் சரிபார்த்து, திரையை விளக்குக்கு நேரே சாய்த்துக் கீறல் பார்த்து, சார்ஜரையும் உறையையும் எண்ணி வாங்கி, நான் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டேனா என்று என் முன்னாலேயே பார்த்து, எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கினார். நேரம் பிடித்தது இரண்டு இடத்தில். புதியதில் சிம் கார்டு போட இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். பழைய எண்ணை அதற்கு மாற்ற உறுதிச் செய்தி வருவதற்காகக் காத்திருந்தோம். பிறகு சார்ட்டுகள். பல ஜிபி, எல்லாருடைய கருவியும் ஒரே வைஃபையில்.

"மேடம், சார்ட்டு இறங்கிட்டு இருக்குங்க. நீங்க போயி டீ சாப்ட்டு வந்துருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்ததை நான் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை, சார்ட்டுகளில் நான் கையால் எழுதி வைத்திருந்த குறிப்புகள். மங்களூரில் எந்த இடத்தில் காற்று திரும்பும், ஓடுபாதைக்குப் போகும் எந்தத் தரைப்பாதையில் (டாக்சிவே) திருப்பம் குறுகல் என்பது போன்றவை. நிறுவனக் கருவி என்பதால் சொந்த மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) அனுமதி இல்லை. முக்கியமானவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். இதைப் பற்றி மின்னஞ்சலில் ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது.

இப்போது நான் உண்மையாகவே அக்கறைப்படும் விஷயம். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நம் நாட்டு டிஜிசிஏ அமைப்பின் விதியில் டூட்டி என்றால் நிறுவனம் செய்யச் சொல்லும் எந்தப் பணியும்தான். பறப்பது மட்டுமில்லை, பயிற்சியும் நிர்வாக வேலையும் அதில் அடங்கும். ஓய்வு என்றால் எல்லாப் பணியிலிருந்தும் விடுபட்ட, இடைவிடாத நேரம். அமெரிக்க விதியும் இதே போக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊரில் வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்ததை 2025 ஜூலையிலிருந்து 48 மணி நேரம் ஆக்கினார்கள். விமானிகள் களைத்துப்போவதைத் தடுக்கத்தான். நிறுவனம் தேதி வைத்து, இடம் வைத்து, பறப்பதற்கு அவசியமான கருவியை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. அது பணி இல்லையென்றால் வேறு எது பணி? அதைப் பணியாகக் கணக்கில் எழுதினால் இடைவிடாத 48 மணி நேரம் நடுவில் அறுந்துபோகும், ஓய்வைத் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். எழுதாமல் விட்டால் ரோஸ்டர் அழகாக இருக்கும், களைப்பு மட்டும் எங்கள் உடம்பில் இருக்கும்.

வேறு வழியே இல்லை என்றால் பேசாமல் போய்விடுவேன். வழி இருக்கிறது. என்னோடு பறக்கும் ஒருவரின் பழைய டேப்லெட்டில் பேட்டரி உப்பி, திரை ஓரம் எழும்பிவிட்டது. சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றக்கூடாது. அன்றைக்கு டூட்டிக்கு வந்த இடத்திலேயே, கிளம்புவதற்கு முன், தயாராக வைத்திருந்த வேறொன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். சார்ட்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் கைமாற்ற அவ்வளவு நேரம்தான் ஆகும். அப்புறம் நாங்கள் எல்லோரும் சிமுலேட்டர் சோதனைக்கும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்கும் ரோஸ்டர்படியே போகிறோம். அந்த வகுப்பறை வாசலில் ஒரு மேசை போட்டால் போதும், இரண்டு பருவத்தில் எல்லா விமானிகளும் வந்து போய்விடுவார்கள். சம்பளமும் கணக்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது.

இன்னும் மாற்றாதவர்களுக்கு, குறிப்பாக மலையிலோ ஊர்ப்பக்கமோ வீடு உள்ளவர்களுக்குச் சில விஷயங்கள். காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் வைஃபை நகராது. சார்ட் குறிப்புகளை முந்தின நாளே வேறு இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறது, உறுதிச் செய்தி எந்த எண்ணுக்கு வரும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். புதிய சார்ட் சுற்று தொடங்கும் வியாழனுக்கு முந்தின நாள் போகாதீர்கள், ஒரே வேலையை இருமுறை செய்ய வேண்டிவரும். போவதற்கு முன்னால் ரோஸ்டர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இந்த நேரத்தை நிர்வாகப் பணியாகப் பதிய வேண்டும் என்று கேளுங்கள். நானும் அனுப்பியிருக்கிறேன், போன நேரம் வந்த நேரம் இரண்டையும் எழுதி. இதுவரை பதில் இல்லை. வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.