இபிசா: கோட்டை, உப்பளம், மீன் தேடிப் போகிறவர்களுக்கு

இபிசா என்றாலே விடிய விடிய ஆட்டம் போடும் கிளப்புகள்தான் பலருக்கும் நினைவு வரும். அந்தப் பெயருக்குப் பயந்தே நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்கள் ஸ்பெயின் பயணத்தில் இந்தத் தீவைச் சேர்ப்பதில்லை. அது பெரிய இழப்பு. கிளப்புகள் ஏப்ரல் கடைசியில் திறந்து அக்டோபரில் மூடும். கூட்டமும் வாடகையும் உச்சத்தில் நிற்பது ஜூலை, ஆகஸ்டில். மே முதல் பாதியில் போங்கள். வெயில் தாங்கும், கடல் மட்டும் சில்லிடும். பிப்ரவரி வாக்கில் சாந்தா அக்னஸ் கிராமத்துப் பக்கம் பாதாம் பூக்கும் அழகு தனி. ஆனால் அப்போது பல ஓட்டல்கள் பூட்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது டால்ட் விலா, துறைமுகத்துக்கு மேலே குன்றில் உள்ள பழைய ஊர். இன்று நிற்கும் மதில் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பொறியாளர் ஜொவான்னி பத்திஸ்தா கால்வியின் திட்டப்படி எழுந்தது. உதயகிரிக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் பார்த்துப் பழகியவர்கள் இங்கே கொத்தளங்களைக் கவனிக்க வேண்டும். மதில் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது பீரங்கிக் குண்டின் தாக்கத்தைக் குறைக்க. மூலைகள் முன்னே நீண்டிருப்பது மதிலை ஒட்டி வருகிறவனைப் பக்கவாட்டில் சுட. மதில்மேல் நடக்கக் கட்டணம் இல்லை. கல் தேய்ந்து வழவழப்பாக இருப்பதால் ரப்பர் செருப்பு வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். கீழே நடக்கும் தூரத்தில் புயிக் டெஸ் மொலின்ஸ் இடுகாடு. பாறையைக் குடைந்த பியூனிக் (கார்த்தேஜ் ஆதிக்கக்) காலக் கல்லறைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சிலவற்றுக்குள் இறங்கியும் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டுப் போய்த் திரும்புகிறவர்கள் அதிகம்.

தெற்கே உள்ள செஸ் சலினெஸ் உப்பளங்களுக்காகவே இந்தத் தீவுக்குப் போகலாம் என்பது எங்கள் கருத்து. பழங்காலக் கடல் வணிகர்களான பினீசியர் காலத்திலிருந்து இங்கே உப்பு எடுக்கிறார்கள். வசந்தத்தில் பாத்திகளுக்குக் கடல்நீரை விட்டு, கோடை முழுக்க வற்றவிட்டு, இலையுதிர்கால மழைக்கு முன் ஒரேயடியாக வாருவார்கள். புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களை அறிந்த கண்ணுக்கு அந்தப் பாத்திகள் அந்நியமாகத் தோன்றாது. கோடை முடிவில் பூநாரைகள் வரும். இபிசா நகரிலிருந்து பேருந்து உண்டு.

அந்த உப்பளங்களுக்கும் பக்கத்துத் தீவான ஃபார்மென்டெராவுக்கும் இடையே கடலடியில் பொசிடோனியா என்ற கடற்புல் படர்ந்திருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ இபிசாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது மதிலோடு இந்தப் புல்வெளியையும் சேர்த்தது. தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்திருப்பது இதனால்தான். புல் வண்டலைப் பிடித்து வைக்கிறது. கரையில் பழுப்பாகக் குவிந்து கிடக்கும் அதன் சருகைக் குப்பை என்று முகம் சுளிக்க வேண்டாம். அலை மணலை அரித்துப் போகாமல் தடுப்பது அந்தக் குவியல். கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டுப் போராடும் நம் கடலோர ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். படகு வாடகைக்கு எடுத்தால் நங்கூரத்தை வெளிர்நிற மணல் திட்டில் மட்டும் போடச் சொல்லுங்கள். கரும்பச்சைத் தரையில் போட்டால் புல் வேரோடு வரும். 2018 முதல் அது தடை, அபராதமும் உண்டு.

சாப்பாட்டில் புயிட் டெ பெய்ஷ் கட்டாயம். களவா போன்ற பாறை மீன்களை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, பூண்டு அரைத்த அலியோலி என்ற குழைவான சாஸ் விட்டு முதலில் பரிமாறுவார்கள். அந்த மீன் சாற்றிலேயே வெந்த சோறு இரண்டாவதாக வரும். குங்குமப்பூ மணக்கும், தேங்காயும் மிளகாய்க் காரமும் இருக்காது. காரம் வேண்டும் என்று எதையாவது தூவினால் சாற்றின் ருசி போய்விடும். பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து தரமாட்டார்கள், முன்பதிவும் அவசியம். சைவம் மட்டும் உண்பவர்களுக்குக் கிராமத்துக் கடைகளில் திண்டாட்டம்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாக பார்சிலோனா, அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம். சிக்கல் வருவது இந்தக் கடைசித் துண்டில்: அதைத் தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, பெட்டிக்கும் தனிக் கட்டணம். பார்சிலோனாவில் ஓர் இரவு தங்குவது பாதுகாப்பு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், தங்கும் நாள் முழுவதையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். கார் ஓட்டுவதானால் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும்; ரவுண்டானாவில் இடப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும்.