கழிவுக் கணக்குப் போட்ட பையனும் மத்தளம்பாறைப் பள்ளியும்

தென்காசி வட்டாரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் நடத்தி வருகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று ஒவ்வொரு மே மாதமும் பெற்றோர் வந்து கேட்பார்கள். அவர்களுக்காகவே, எங்கள் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங் பற்றி, என் மாணவன் ஒருவன் அங்கே படித்து முடித்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அட்வென்ட்நெட் என்ற பழைய பெயரில் இந்த நிறுவனம் நடந்துகொண்டிருந்த 2004-ஆம் ஆண்டிலேயே, ஆறு மாணவர்களைக் கொண்டு இந்தப் பள்ளி தொடங்கப்பட்டது. பெரிய கல்லூரிகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் வேலையிலும் சிறக்கிறார்கள் என்பதற்குத் தம் நிறுவனத்தில் ஆதாரமே இல்லை என்பதைக் கண்ட அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, முதலில் பெயர் தெரியாத கல்லூரிகளிலிருந்து ஆள் எடுத்தார். பிறகு கல்லூரியே வேண்டாமென்று பள்ளி முடித்தவர்களை நோக்கி வந்தார். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்கள் எழுத்துத் தேர்வு, நேர்காணல் வழியாகச் சேரலாம். கட்டணம் கிடையாது, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, இத்தனை ஆண்டுகள் இங்கேயேதான் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் இல்லை. இரண்டு ஆண்டுப் படிப்பில் கணிதம், ஆங்கிலம், நிரல் எழுதுதல் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டே நிறுவனத்தின் பணிகளுக்குள் நுழைகிறார்கள். கூடுவாஞ்சேரி அருகிலும் இதே பள்ளி உண்டு.

என் மாணவன் கணிதத்தில் அறுபதைத் தாண்டாதவன். அவனுடைய அம்மா பீடி சுற்றுபவர். ஒரு நாள் இடைவேளையில் அவன் தன் செல்போனைக் கொண்டுவந்து காட்டினான். அதில் எட்டு மாதமாக அம்மா கடைக்குக் கொண்டுபோன கட்டுகளும், சரியில்லை என்று கடையில் கழித்த பீடிகளும் தேதிவாரியாக ஏறியிருந்தன. இலை ஈரமாக இருக்கும் மழை நாட்களில் கழிவு கூடுவது நியாயம். ஆனால் வெயில் காலத்திலும் சனிக்கிழமைதோறும் கழிவு ஒரே அளவில் கூடுகிறதே, அது எப்படி சார் என்று கேட்டான். கூலி கணக்குப் பார்க்கும் நாள் சனிக்கிழமை. நான் அவனுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் நடத்தியிருந்தேன். அவற்றைத் தேர்வில் பாதி தப்பாக எழுதிய பையன், அவைதாம் என்று தெரியாமலேயே அவற்றைத் தன் வீட்டுக்காகப் பயன்படுத்தியிருந்தான். அவனுக்கு நான் போட்ட மதிப்பெண் எதை அளந்தது என்று அன்று மாலை முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை.

மத்தளம்பாறைக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன், தேர்வானான். விடை தெரியாத ஒரு கணக்கைப் பற்றித்தான் நேர்காணலில் அதிக நேரம் பேசினார்கள் என்று வந்து சொன்னான்.

அனுபவத்தைப் பார்க்க மாட்டோம், திறமையைத்தான் பார்ப்போம் என்று இன்று பல நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. என் பழைய மாணவி ஒருத்தி அப்படியொரு விளம்பரத்தை நம்பிச் சென்னைக்குப் போனாள். வாசலிலேயே, இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுபவ ஆண்டுகளை எண்ணுவதால் என்ன பயன் என்பதற்கு ஆய்வாளர்களிடமும் நல்ல பதில் இல்லை. ஆள் தேர்வு முறைகள் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டுப் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட கட்டுரையில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத் திட்டமிட்டுக் கேட்கும் நேர்காணல்தான் பிற்காலப் பணித்திறனை முன்கூட்டிச் சொல்வதில் முதலிடம் பெற்றது. அனுபவ ஆண்டுகள் கிட்டத்தட்டக் கடைசிக்குப் போயின. ஆனால் முதலிடம் பெற்ற முறைக்கே கிடைத்த ஒட்டுறவுக் கெழு, அதாவது கணிப்பும் பணித்திறனும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.42 மட்டுமே; முழுதாக ஒத்துப்போனால் அது 1 ஆக இருக்கும். எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும், ஒரு மணி நேரத்தில் ஒருவருக்குள் இருப்பதை முழுதாகக் கண்டுவிட முடியாது என்பதே இதன் பொருள்.

ஆகவே இந்தப் பள்ளியில் நான் மதிப்பது அதன் நுழைவுத் தேர்வை அல்ல. தேர்வு செய்த பிறகு இரண்டு ஆண்டுகள் பணம் கொடுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுமையைத்தான். முதல் நான்கு மாதம் என் மாணவன் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே பயந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் முகமே சரியிருக்காது. வழக்கமான நிறுவனத்தில் அந்த நான்கு மாதத்தோடு அவன் கதை முடிந்திருக்கும். கற்பிக்கும் செலவைத் தான் ஏற்காமல் ஆற்றலை மட்டும் தேடுகிறேன் என்று ஒரு முதலாளி சொன்னால், அது பாடுபடாமல் விளைச்சல் கேட்பது போன்றதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விண்ணப்பிப்பவர்களோடு ஒப்பிட்டால் இடங்கள் மிகக் குறைவு. அதைவிடப் பெரிய குறை, படிப்பின் முடிவில் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது என்பது. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும். வேறு நிறுவனங்களுக்குப் போகும்போதும் முதல் சல்லடையிலேயே பெயர் விழுந்துவிடலாம். சேர்க்கைக்கு முன்பு பையனின் அம்மா என்னிடம் கேட்டது இதைத்தான்: "நாளப்பின்ன ஒருத்தன் காகிதம் கேட்டா என்னத்த சார் காட்டுவான்?" நான் பெரிதாகத் தேறுதல் சொல்லவில்லை. வேலையில் ஐந்தாறு ஆண்டு தாக்குப்பிடித்தால் அந்த வேலையே பேசும், அதுவரை கொஞ்சம் கஷ்டம்தான் என்றேன். பெண் பிள்ளைகளின் வீடுகளில் இந்தத் தயக்கம் இன்னும் கூடுதல். வரன் பார்க்கும்போது என்ன படித்தாள் என்று கேட்பார்களே என்று இரண்டு அப்பாக்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

எனவே நான் பெற்றோரிடம் சொல்வது இது. பிள்ளை எதையாவது தானாகக் குடைந்து பார்க்கிற பிள்ளையாக இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். மருத்துவமோ அரசு வேலையோதான் கனவு என்றால் இந்த வழி வேண்டாம். பட்டம் அவசியம் என்று நினைத்தால் தொலைநிலைக் கல்வியில் கூடவே சேர்த்துவிடுங்கள். என் மாணவன் வேலையில் சேர்ந்த பின் அப்படித்தான் செய்தான். முதல் ஆண்டுக் கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்தே கட்டிவிட்டு, ரசீதைக் கொண்டுபோய் அம்மாவின் பீடித் தட்டில் வைத்தானாம். அவர் புகையிலைத் தூள் படாமல் அதை எடுத்து, கடைப் பாஸ்புக்குக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.